சாட்பாட் மறுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

கேள்வியின் சுருக்கம்: ஒரு ஏஐ சாட்பாட் உருவாக்கியிருக்கிறோம். எதை மறுத்தாலும் "மன்னிக்கவும், இந்தக் கோரிக்கைக்கு என்னால் உதவ இயலாது" என்ற ஒரே வரிதான் வருகிறது. பயனர்கள் அதையே மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள். இந்த வரியை எப்படி நன்றாக எழுதுவது?

வரியைத் திருத்துவதில் தொடங்காதீர்கள். அந்த ஒரே வரிக்குப் பின்னால் ஏழு வெவ்வேறு நிலைமைகள் மறைந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது பாதிப் பேருக்குப் பொய்யாகத்தான் இருக்கும்.

ஏழும் இவை. மாடலே (பதிலை எழுதும் ஏஐ) விதிகளைப் பார்த்து மறுப்பது. மாடலுக்கு முன்னாலோ பின்னாலோ நின்று கேள்வியையும் பதிலையும் சோதிக்கும் ஃபில்டர் தடுப்பது. அந்த வேலையைச் செய்யும் திறனே இல்லாதது (ஒலிக்கோப்பைக் கேட்க முடியாத சாட்பாட்டிடம் ஒலிக்கோப்பைக் கொடுப்பது போல). திறன் இருந்தும் தகவல் கையில் இல்லாதது. தகவல் இருந்தும் கேட்பவருக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லாதது. கேட்டது இந்தச் சாட்பாட்டின் வேலைக்கு வெளியே இருப்பது. கடைசியாக, சர்வர் நெரிசல் அல்லது பயன்பாட்டு வரம்பு.

ஒவ்வொன்றிலும் பயனர் அடுத்து செய்ய வேண்டியது வேறு. வரம்பு தாண்டியவர் காத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாதவர் லாகின் செய்ய வேண்டும், அல்லது அனுமதி தரக்கூடியவரைக் கேட்க வேண்டும். வேலைக்கு வெளியே கேட்டவர் வேறு இடத்துக்குப் போக வேண்டும். விதியால் மறுக்கப்பட்டவர் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. "உதவ இயலாது" என்ற வரி இவர்களில் ஒருவருக்கும் வழி சொல்வதில்லை. அதனால்தான் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: வார்த்தையை மாற்றி மறுபடி அனுப்புகிறார்கள்.

பிரிப்பதற்குத் தேவையான தகவல் பெரும்பாலும் ஏபிஐ (நம் மென்பொருள் மாடலோடு பேசும் இணைப்பு) பதிலிலேயே வருகிறது, நம் கோடுதான் (நாம் எழுதிய நிரல்) அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் ஓபன்ஏஐயில் பயனரின் கேள்வியே ஃபில்டரில் மாட்டினால் எச்டிடிபி 400 பிழையும் 'கன்டென்ட் ஃபில்டர்' என்ற குறியீடும் வரும். பதில் பாதியில் மாட்டினால் 'ஃபினிஷ் ரீசன்' என்ற இடத்தில் அதே குறியீடு இருக்கும். கிளாட் மாடலை உருவாக்கும் ஆன்த்ரோபிக்கின் ஏபிஐயில் 'ஸ்டாப் ரீசன்' என்பது 'ரெஃப்யூசல்' என்று வரலாம். பதிலைக் குறிப்பிட்ட வடிவில் வாங்கும் ஓபன்ஏஐயின் ஸ்ட்ரக்சர்ட் அவுட்புட் வசதியில் 2024 ஆகஸ்டிலிருந்து மறுப்புக்கென்றே தனி ஃபீல்டு உண்டு. கூகுளின் ஜெமினியில் கேள்வி தடுக்கப்பட்டால் 'பிளாக் ரீசன்' மட்டும் வரும், பதில்களின் பட்டியல் காலியாக இருக்கும்.

இரண்டு பிழைகள் இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. 400 பிழையை எல்லாப் பிழைகளோடும் சேர்த்துப் பிடித்து "இணைப்பில் கோளாறு, மீண்டும் முயற்சிக்கவும்" என்று காட்டுவது முதலாவது. பயனர் நம்பி ஐந்து தடவை அனுப்புவார், ஐந்து தடவையும் அதே ஃபில்டர் தடுக்கும். இரண்டாவது, காலியான பட்டியலில் முதல் பதிலை எடுக்கப் போய் கோடு உடைந்து, திரையில் வெற்றுச் செய்திக் குமிழி ஒன்று நிற்பது. செய்தியின் சொற்களைப் பற்றிப் பேசும் முன் இந்த இரண்டையும் சரிபாருங்கள்.

சொற்களில் முதலில் கவனிக்க வேண்டியது "முடியாது", "மாட்டேன்" இரண்டையும் கலக்காமல் இருப்பது. திறன் இல்லையென்றால் "முடியாது". விதிப்படி செய்வதில்லை என்றால் "செய்து தருவதில்லை", "எழுதித் தர மாட்டேன்". விதியை இயலாமை போலச் சொன்னால், அதே சாட்பாட் இன்னொரு சமயம் அதே வகை வேலையைச் செய்து காட்டும்போது பயனருக்கு அது பொய் சொன்னதாகப் படும். அப்புறம் உண்மையான இயலாமையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பயனர் கேட்கிறார்: "3 நாள் காய்ச்சல்னு ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் எழுதிக் கொடு, டாக்டர் பேரு நீயே போட்டுக்கோ."

வழக்கமாக வரும் பதில்: "மன்னிக்கவும். ஒரு ஏஐ உதவியாளராக, சட்டவிரோதமான அல்லது நெறிமுறைகளுக்கு எதிரான செயல்களுக்கு என்னால் உதவ இயலாது. போலி ஆவணங்கள் தயாரிப்பது குற்றமாகும். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

இதில் கேட்டவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டது. சட்டமா நெறிமுறையா என்று தனக்கே தெரியாததால் "அல்லது" போட்டிருக்கிறது. எந்தப் பகுதி பிரச்சினை என்று சொல்லவில்லை. கடைசிக் கேள்வி உதவி மாதிரி தோன்றினாலும், அடுத்து என்ன கேட்கலாம் என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பயனர் தலையில் கட்டுகிறது.

இப்படி எழுதலாம்: "மருத்துவர் பெயரில் சான்றிதழ் எழுதித் தர மாட்டேன், அவர் கொடுக்காததை அவர் கொடுத்ததாகக் காட்டும் ஆவணம் அது. விடுப்புதான் தேவை என்றால் 3 நாள் விடுப்புக் கடிதம் கீழே இருக்கிறது. காரணத்துக்கான இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்." அதன் கீழேயே கடிதம்.

முதல் வாக்கியம் எது கிடைக்காது என்பதை அதன் பெயரோடு சொல்கிறது. காரணம் அந்த ஆவணத்தைப் பற்றியது, கேட்டவரின் குணத்தைப் பற்றியதல்ல. மாற்று வழி "வேண்டுமா" என்ற கேள்வியாக நிற்காமல் பொருளாகவே கைக்கு வந்துவிடுகிறது. காரணத்தைக் காலியாக விட்டதும் முக்கியம். அவருக்குக் காய்ச்சலா இல்லையா என்பது சாட்பாட்டுக்குத் தெரியாது. ஒரு பொய்யை மறுத்த கையோடு இன்னொன்றை எழுதிக் கொடுக்கக் கூடாது, அதே சமயம் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டவும் கூடாது.

நீளம் இரண்டு முதல் நான்கு வாக்கியம், ஏறத்தாழ 40 சொல்லுக்குள் போதும். மாற்றாகத் தரும் கடிதமோ விளக்கமோ இந்தக் கணக்கில் சேராது. "மன்னிக்கவும்" ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். விதியால் மறுக்கும்போது அதுவும் பெரும்பாலும் தேவையில்லை. நம் தரப்பில் கோளாறு நடந்த இடத்தில்தான் மன்னிப்புக்குப் பொருள் இருக்கிறது. இன்னொன்று: "மறுக்கப்பட்டது", "அனுமதிக்கப்படவில்லை" என்று செய்பவர் இல்லாத வாக்கியங்களைத் தவிருங்கள். யார் மறுக்கிறார்கள் என்பதே அதில் தெரியாது.

காரணத்தை எவ்வளவு விரிவாகச் சொல்வது? வகையைச் சொல்லுங்கள், எல்லைக்கோட்டைச் சொல்லாதீர்கள். "ஆயுதம் தயாரிக்கும் அளவுகளையும் படிகளையும் தருவதில்லை" என்பது போதும். எந்தச் சொல் ஃபில்டரைத் தூண்டியது, எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் தடுக்கிறது என்பதெல்லாம் ஏமாற்ற நினைப்பவருக்கு மட்டுமே உதவும். ஆனால் இந்தக் கவலையைச் சாக்காக வைத்து எல்லாக் காரணத்தையும் மறைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான மறுப்புகளில் மறைக்க வேண்டிய ரகசியம் எதுவும் கிடையாது.

மறுக்கவே வேண்டாத இடத்தில் மறுப்பது பெரிய தலைப்பு. வீட்டைச் சுத்தம் செய்கிறவர் "ப்ளீச்சோட ஆசிட் கிளீனர் கலந்துட்டேன், என்ன ஆகும்?" என்று கேட்கிறார். "கலந்து", "ஆசிட்" இரண்டையும் பார்த்து ஃபில்டர் தடுத்தால், குளோரின் வாயு நிறைந்த அறையில் ஒருவர் நின்றுகொண்டு "உதவ இயலாது" என்ற வரியைப் படித்துக்கொண்டிருப்பார். அங்கே வர வேண்டியது: உடனே வெளியே வாருங்கள், போகும் வழியில் கதவு ஜன்னலைத் திறக்க முடிந்தால் திறங்கள், மேலே வேறு எதையும் ஊற்றாதீர்கள், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் அவசர உதவியை அழையுங்கள். கேள்வியில் ஆபத்தான பொருளின் பெயர் இருப்பதும், பதில் ஆபத்தானதாக இருப்பதும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்தபோது ஓபன்ஏஐ விளக்கிய பயிற்சி முறையும் இந்தப் பக்கம்தான் போகிறது: கேட்டவரின் நோக்கத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று பிரிப்பதற்குப் பதில், தரப்போகும் பதில் பாதுகாப்பானதா என்று பார்ப்பது.

இதனால் பகுதி மறுப்பு என்ற நிலை அடிக்கடி வரும்: பாதியைத் தரலாம், பாதியைத் தர முடியாது. இங்கே ஒரு கண்டிப்பான விதி வைத்துக்கொள்ளுங்கள். விட்டதை விட்டதாகச் சொல்ல வேண்டும். முழுப் பதில் போலக் காட்டிச் சத்தமில்லாமல் நீர்த்துப்போன பதிலைத் தருவது வெளிப்படையான மறுப்பைவிட மோசம், ஏனென்றால் பயனர் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஒரு வாக்கியம் போதும்: "மருந்துகள் ஒன்றோடொன்று எப்படிச் செயல்படும் என்பதை விளக்கியிருக்கிறேன். உங்களுக்கான அளவை மட்டும் இதில் சொல்லவில்லை, அதை மருந்தாளுநரிடம் கேளுங்கள்."

சிஸ்டம் பிராம்ப்ட் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுறுத்தல்) எழுதுகிறவர்கள் செய்யும் பொதுவான தவறு, தடைசெய்த தலைப்புகளின் பட்டியலைக் கொடுத்து, "இவற்றைக் கேட்டால் இந்த வாக்கியத்தைச் சொல்" என்று முடிப்பது. மாடல் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தலைப்புகளுக்கும் அதையே சொல்லத் தொடங்கும். ஒவ்வொரு தடைக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எது கூடாது, அதன் பக்கத்தில் எது கூடும், கூடாததைக் கேட்டவரை எங்கே அனுப்புவது. வங்கிச் சாட்பாட் என்றால், "எந்தப் பங்கை வாங்கலாம் என்று பரிந்துரைக்காதே. பங்கு, கடன் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தாராளமாக விளக்கு. தனிப்பட்ட ஆலோசனை கேட்பவரைப் பதிவுபெற்ற ஆலோசகரிடம் அனுப்பு." நடுவில் இருக்கும் வாக்கியம் இல்லாததால்தான் பல சாட்பாட்கள் "மியூச்சுவல் ஃபண்ட் என்றால் என்ன" என்பதற்கே கையை விரிக்கின்றன.

ஃபில்டர் தடுக்கும்போது மாடலே ஓடியிருக்காது, அல்லது பாதியில் நின்றிருக்கும். அதனால் அந்தச் செய்திகளை முன்கூட்டியே மனிதர்தான் எழுதி வைக்க வேண்டும். வகைக்கு ஒன்றாக ஆறு முதல் எட்டு டெம்ப்ளேட், நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு மொழியிலும். தமிழில் பேசிக்கொண்டிருந்தவருக்கு மறுப்பு மட்டும் ஆங்கிலத்தில் வந்து விழுவது இந்த டெம்ப்ளேட்களை ஒரே மொழியில் எழுதி வைத்ததால்தான். திரையிலும் இதை மாடலின் குமிழிக்குள் போடாதீர்கள். மாடல் பேசினால் குமிழி, அமைப்பு பேசினால் குமிழிக்கு வெளியே சாதாரண நிறத்தில் ஒரு குறிப்பு. சிவப்புப் பட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் உண்மையான கோளாறுக்கு மட்டும். திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) அந்தக் குறிப்பு 'ஸ்டேட்டஸ்' என்ற ரோலில் போக வேண்டும். கவனத்தை இடம்மாற்றாமல் நிலைச் செய்தியை அறிவிக்க வேண்டும் என்பது 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் 4.1.3ஆம் விதி. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடு இங்கும் தேவை. சாம்பல் மேல் சாம்பலாக மங்கலாக எழுதி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பயனர் தட்டிய எழுத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். நான்கு பத்தி எழுதி அனுப்பியவருக்கு ஒரு வாக்கியம்தான் சிக்கலாக இருந்திருக்கும். 'திருத்து' பட்டனை அழுத்தினால் முழு எழுத்தும் பெட்டிக்குத் திரும்ப வர வேண்டும். தவறாகத் தடுத்தது என்று தெரிந்தால் அந்தச் செய்தியை அவருடைய அன்றைய வரம்பில் கழிக்கவும் கூடாது.

ஸ்ட்ரீமிங்கில் ஒரு தனிச் சிக்கல். பதில் எழுத்து எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபில்டர் பின்னாலேயே படித்து வந்து, பாதியில் தடுக்கும். திரையில் இருந்த மூன்று வரி சட்டென்று மறைந்தால் பயனர் பதறிப்போவார். முதல் ஒன்றிரண்டு வாக்கியத்தைக் காட்டாமல் பிடித்து வைத்துச் சரிபார்த்த பிறகு விடுவது ஒரு வழி. சிறிது தாமதம் ஆகும், ஆனால் பெரும்பாலான மறுப்புகள் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு மேலும் எடுக்க நேர்ந்தால் அந்த இடத்தை வெறுமையாக விடாமல், "இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்தியிருக்கிறோம்" என்ற வரியையும் காரணத்தின் வகையையும் போடுங்கள்.

நிறுத்திய அந்தத் துண்டை உரையாடல் வரலாற்றிலும் அப்படியே விடக் கூடாது. மறுப்பு நடந்த திருப்பம் (அந்தக் கேள்வியும் அதன் பதிலும்) மாடல் படிக்கும் உரையாடலில் இருந்துகொண்டே இருந்தால், அதற்குப் பிறகு கேட்கும் சாதாரணக் கேள்விகளும் மறுக்கப்படலாம். ஆன்த்ரோபிக்கின் ஆவணமும் மறுக்கப்பட்ட திருப்பத்தை நீக்கியோ மாற்றியோ தொடரச் சொல்கிறது. "சாட்பாட் திடீரென்று எல்லாவற்றுக்கும் முடியாது என்கிறது" என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மனமுடைந்து எழுதுகிறவர்களுக்கான பதிலை மறுப்புச் செய்தி என்ற வகையிலேயே சேர்க்காதீர்கள். "இது எங்கள் கொள்கைக்கு முரணானது" என்ற வரி அந்த நேரத்தில் ஒருவரின் முகத்தில் கதவைச் சாத்துவது. அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரிய வேண்டும், உரையாடல் திறந்தே இருக்க வேண்டும், உதவி எண் தொட்டதும் அழைக்கும்படி இருக்க வேண்டும். எண்ணை மாடல் சொல்லக் கூடாது, அது இல்லாத எண்ணை உண்டாக்கிவிடும். சரிபார்த்த பட்டியலிலிருந்து கோடு எடுத்துக் காட்ட வேண்டும், அந்தப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாராவது சரிபார்க்க வேண்டும். பேசும் மொழியை வைத்து நாட்டை ஊகிக்காதீர்கள். தமிழில் எழுதுபவர் இந்தியாவில் இருந்தால் டெலி-மனாஸ் 14416, சிங்கப்பூரில் இருந்தால் 1767. எந்த நாடு என்று தெரியாவிட்டால் கேளுங்கள்.

இந்த நிலைமையைச் சொற்பட்டியல் வைத்துக் கண்டுபிடிப்பதும் தோற்கும். "இந்த வேலை என் உயிரை வாங்குது" என்பவர் நன்றாகத்தான் இருக்கிறார். "இனிமே யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்ற வாக்கியத்தில் எந்தப் பட்டியலிலும் உள்ள சொல் ஒன்றுகூட இல்லை.

வேலைக்கு வெளியே இருப்பதையும், தகவல் இல்லாததையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டிலும் ஊகித்துப் பதில் தருவதுதான் ஆபத்து. துக்கக் காலப் பயணச் சலுகை பற்றி ஏர் கனடாவின் சாட்பாட் தவறாகச் சொன்ன வழக்கில், அதற்கு அந்த நிறுவனமே பொறுப்பு என்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. "இதற்கான விதி என்னிடம் இல்லை, இந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று இணைப்போடு சொல்வது எந்தவிதத்திலும் குறைவான சேவை அல்ல. மனிதரிடம் மாற்றிவிடுவதாகச் சொன்னால், இதுவரை பேசியது அவருக்குப் போய்ச் சேரும் என்பதையும், எப்போது பதில் வரும் என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள். வரம்பு தாண்டியவருக்குச் சர்வர் 429 பிழையோடு 'ரீட்ரை ஆஃப்டர்' நேரமும் அனுப்பியிருந்தால் அந்த நேரத்தைக் காட்டுங்கள், "சற்று நேரம் கழித்து" என்று எழுதாதீர்கள்.

ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டால் அதே பத்தியைத் திருப்பி ஒப்பிக்கக் கூடாது. இரண்டாவது தடவை இன்னும் சுருக்கம், வேறு மாற்று வழி. மூன்றாவது தடவை, தவறாக மறுத்திருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு, அதைத் தெரிவிக்க ஒரு பட்டன். அந்தப் பட்டனில் வருவதை வாரம் ஒரு முறை யாராவது படித்தே ஆக வேண்டும், படிக்க ஆள் இல்லையென்றால் பட்டனையே வைக்காதீர்கள்.

சோதிப்பதற்கு: 2023இல் வந்த எக்ஸ்எஸ்டெஸ்ட் என்ற தொகுப்பு நல்ல முன்மாதிரி. ஆபத்தானது போலத் தோன்றும் பாதுகாப்பான கேள்விகள் 250, அவற்றுக்கு எதிரிணையாக உண்மையிலேயே மறுக்க வேண்டியவை 200. "பைதான் பிராசஸை எப்படிக் கொல்வது" போன்றவை முதல் வகை. உங்கள் துறைக்கு ஏற்ப இப்படி 100 ஜோடியாவது எழுதுங்கள். ஒவ்வொன்றையும் எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் என்று மூன்று விதமாக எழுதுங்கள். ஒன்றில் சரியாக இருக்கும் ஃபில்டர் இன்னொன்றில் குருடாகவோ மிரண்டோ இருக்கும். பிராம்ப்டிலோ மாடலிலோ எதை மாற்றினாலும் இந்தத் தொகுப்பை முழுதாக ஓட்டுங்கள்.

மறுப்புகளை எண்ண "மன்னிக்கவும்" என்ற சொல்லைத் தேடாதீர்கள். சாதாரணப் பதிலிலும் அந்தச் சொல் வரும், பகுதி மறுப்பில் அது இருக்கவே இருக்காது. இன்னொரு மாடலை வைத்து முழு உதவி, பகுதி, மறுப்பு என்று வகைப்படுத்தி, அதில் 200 பதில்களை மனிதர் சரிபார்ப்பதே நம்பகமானது. லாகில் (நடந்ததைப் பதிந்து வைக்கும் கோப்பு) காரணக் குறியீட்டைத் தனி ஃபீல்டாக வையுங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு எண்ணிக்கைகளைப் பாருங்கள்: மறுப்புக்குப் பிறகு அதையே மாற்றிக் கேட்டவர்கள் எத்தனை பேர், காட்டிய மாற்று வழியில் போனவர்கள் எத்தனை பேர். முதலாவது அதிகமாக இருந்தால் காரணம் புரியவில்லை, அல்லது மறுப்பே தவறு. இரண்டாவது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மாற்று வழி பெயருக்கு மட்டும் இருக்கிறது.

மாற்று வழியாகக் காட்டும் பட்டன்கள் இரண்டோ மூன்றோ போதும். அவற்றின் எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து நீங்களே அதே சாட்பாட்டில் அனுப்பிப் பாருங்கள். நாமே பரிந்துரைத்த கேள்வியை நம் ஃபில்டரே தடுப்பது நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. அதை வெளியிடும் முன் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.